டென்னிஸ் கேள்வி-பதில்: நடால் மாதிரி அடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. வாரத்தில் மூன்று நாள் காலையில் டென்னிஸ் ஆடுகிறேன். நடாலின் ஃபோர்ஹேண்டை (ராக்கெட் பிடித்த கைப் பக்கம் வரும் பந்தை அடிப்பது) ஸ்லோமோஷனில் பார்த்துப் பார்த்து, ராக்கெட்டைத் தலைக்கு மேலே சுழற்றி முடிக்கப் பழகியிருக்கிறேன். சில சமயம் பந்து அற்புதமாக விழுகிறது. பல சமயம் வலையில் போய் விழுகிறது, இல்லையென்றால் பின்னால் இருக்கும் வேலியில். உடன் ஆடுகிறவர்கள் சிரிக்கிறார்கள். பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் பெரிய வீரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவே கூடாதா?

பதில்: சிரிக்கிறவர்களை விடுங்கள். அவர்களும் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று ஃபெடரர் மாதிரி வீசிப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். தாராளமாகப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எதைப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம், ஒரே வீரரின் வீடியோவில் உட்கார்ந்துவிடாதீர்கள், மூன்று நான்கு பேரை அடுத்தடுத்துப் பாருங்கள் என்பேன். ஃபெடரர் பிடிக்கும் கிரிப், அதாவது கைப்பிடியைப் பிடிக்கும் விதம், ஈஸ்டர்னை (உள்ளங்கை கைப்பிடிக்குப் பக்கவாட்டில் இருக்கும் பிடி) ஒட்டியது. ஜோகோவிச்சின் உள்ளங்கை அதைவிட நன்றாகவே கைப்பிடிக்கு அடியில் போயிருக்கும். பந்தைத் தொடும் நேரத்தில் ஃபெடரருக்கும் நடாலுக்கும் கை நீண்டிருக்கும், ஜோகோவிச்சுக்கு முழங்கை மடங்கியிருக்கும். நடால் பந்தைக் கீழிருந்து மேலாக உரசி டாப்ஸ்பின், அதாவது முன்னோக்கிச் சுழலும் சுழற்சி, ஏற்றுவார். டெல் போட்ரோ தட்டையாக அறைவார். நான்கு பேருமே கிராண்ட் ஸ்லாம் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் வென்றவர்கள். அப்படியென்றால் இவற்றில் எதுவுமே கட்டாயமில்லை என்றுதானே ஆகிறது? அதெல்லாம் அவரவர் உடல்வாகு, சின்ன வயதில் கையில் ஏறிய பழக்கம். அவர்களோடு போகட்டும்.

இப்போது நால்வரும் ஒரே மாதிரி செய்வதைத் தேடுங்கள். எதிராளி பந்தை அடிக்கும்போது ஒரு சின்னத் துள்ளல். பந்து ஃபோர்ஹேண்ட் பக்கம் வருகிறது என்று தெரிந்த உடனே இரண்டு தோளும் சேர்ந்து திரும்பும். அது முடிகிற வரை மற்றக் கை ராக்கெட்டின் கழுத்தை விடாது. பந்தைச் சந்திக்கும் இடம் உடம்புக்கு முன்னால். தலை ஆடாது. ஃபெடரரைப் பாருங்கள், பந்து போன பிறகும் அவர் முகம் ஒரு கணம் அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. நகலெடுக்க வேண்டியது இவற்றைத்தான்.

சரி, தலைக்கு மேலே போகும் அந்த வீச்சு என்ன ஆனது? பந்து ராக்கெட்டின் நரம்புகளில் இருக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்குதான். ராக்கெட் தலைக்கு மேலே வரும்போது பந்து எப்போதோ போய்விட்டது. ஆகவே அந்த வீச்சு பந்துக்கு ஒன்றும் செய்வதில்லை. அதற்கு முன்னால் ராக்கெட் எவ்வளவு செங்குத்தாக, எவ்வளவு வேகமாக ஏறியது என்பதன் விளைவு அது. அதிவேகக் கேமராவில் அளந்தபோது நடாலின் ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்குச் சராசரியாக 3,200 சுற்று சுழன்றது. முந்தைய தலைமுறை வீரர்களான சாம்ப்ராஸ், அகாஸி பந்துகள் 1,900க்குப் பக்கம். அந்த ஏற்றம் இல்லாமல் முடிவை மட்டும் ஒட்டவைத்தால், பந்தைத் தொடுவதற்கு முன்பே கை மேலே இழுத்துக்கொண்டுவிடும். இன்னொன்று: நடாலே எல்லாப் பந்துக்கும் அப்படி முடிப்பதில்லை. ஓடிப்போய் எட்டிப் பிடிக்கும் பந்துக்கும் தாமதமாகச் சந்திக்கும் பந்துக்கும்தான் அதிகம். வசதியாக நின்று அடிக்கும்போது தோளுக்குக் குறுக்கேயும் முடிப்பார்.

உங்கள் பந்து ஒருமுறை வலையிலும் மறுமுறை வேலியிலும் போகிறது என்றாலே, தொடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் கால்கள் தாமதமாகப் போவதுதான் காரணம். ஒரு மாதத்துக்கு நடால் வீடியோவை மூடிவிட்டு, போனைப் பக்கவாட்டில் நிறுத்தி உங்களையே படம் எடுங்கள். பந்து முன் இடுப்புக்கு முன்னால் படுகிறதா, பக்கத்தில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். அடித்து முடித்ததும் மற்றக் கையால் ராக்கெட்டின் கழுத்தைத் தோளுக்கு மேலே பிடித்து நிறுத்துங்கள். பிடிக்க முடியாமல் தடுமாறினால் சமநிலை இல்லை, மெதுவாக அடிக்க வேண்டும். அப்புறம், வலை நடுவில் 3 அடி, ஓரக் கம்பங்களில் மூன்றரை அடி. பேஸ்லைனிலிருந்து, அதாவது கோர்ட்டின் பின்கோட்டிலிருந்து, அடிக்கும்போது வலைக்கு மேலே இன்னொரு வலை உயரம் விட்டு அனுப்புங்கள். வலையை உரசிப் போகும் பந்து டிவியில்தான் நன்றாக இருக்கும்.

கேள்வி: ராக்கெட்டின் தலை பின்தங்கி வந்து சாட்டை மாதிரிச் சொடுக்க வேண்டும் என்று பயிற்சி செய்கிறேன். இப்போது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது. தொடரலாமா?

பதில்: கூடாது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை ராக்கெட்டைத் தொடாதீர்கள்.

அந்தப் பின்தங்கல் யாரும் 'செய்வது' இல்லை. இடுப்பும் தோளும் திரும்பிக் கைப்பிடியை முன்னே இழுக்கும்போது, தலைப்பக்கம் தன் எடையால் தானாகவே பின்னால் நிற்கும். அதற்குத் தேவை தளர்வான பிடி மட்டும்தான். நீங்கள் அதையே மணிக்கட்டின் தசையால் மடக்கிச் சொடுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். கிரிப்பையும் பாருங்கள். கை வெஸ்டர்ன் பக்கம், அதாவது கைப்பிடிக்கு அடியில், ரொம்பத் தள்ளிப் போயிருந்தால் சுண்டுவிரல் பக்கம்தான் சுமை ஏறும். ஆள்காட்டி விரலின் அடிமூட்டைக் கைப்பிடியின் எட்டுப் பட்டைகளில் (ராக்கெட்டின் விளிம்பு தரையைப் பார்க்கப் பிடித்து, மேல் பட்டையை ஒன்றாக வைத்து, வலது கைக்காரர் வலப்புறமாக எண்ணினால்) மூன்றாவதிலோ நான்காவதிலோ வைத்தால் நம்மில் பெரும்பாலோருக்குப் போதும்.

வாழ்க்கையே டென்னிஸ் என்று இருப்பவர்களுக்கும் மணிக்கட்டு இரக்கம் காட்டுவதில்லை. டெல் போட்ரோ 2009 யுஎஸ் ஓபனை வென்றார், அடுத்த ஆண்டே வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. 2020 யுஎஸ் ஓபனை வென்ற டொமினிக் தீமுக்கு 2021இல் மணிக்கட்டில் அடிபட்டது, பழைய ஆட்டம் திரும்பவே இல்லை. அவர்களோடு பிசியோதெரபிஸ்ட் ஊர் ஊராகப் போவார். நமக்கு யார் வருவார்கள்?

கேள்வி: ஃபெடரர் பெயரில் வந்த ராக்கெட்டையே வாங்கலாமா?

பதில்: 2014இல் வந்த அந்த ராக்கெட், நரம்பு கட்டாமலே 340 கிராம். முதல் செட்டில் ராஜா மாதிரி இருக்கும், இரண்டாவது செட்டில் எல்லாப் பந்தையும் தாமதமாகத்தான் சந்திப்பீர்கள். 280 முதல் 300 கிராம் வரை பாருங்கள். கடினமான பாலியெஸ்டர் நரம்பும் வேண்டாம், முழங்கை நன்றி சொல்லும்.

கேள்வி: ஒரே ஒருவரைப் பார்க்கலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

பதில்: ஸ்டெஃபி கிராஃப். 1988இல் நான்கு கிராண்ட் ஸ்லாமையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே ஆண்டில் வென்றவர். ஆனால் அவர் கையைப் பார்க்காதீர்கள். பந்தை மற்றவர்களைவிடத் தாமதமாகச் சந்திப்பார், நாம் அப்படிச் செய்தால் பந்து பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகும். காலைப் பாருங்கள். பேக்ஹேண்ட் பக்கம், அதாவது ராக்கெட் பிடிக்காத கைப் பக்கம், வரும் பந்தைக்கூடச் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டால் அடிப்பதற்கு அவர் வைக்கும் அந்தக் குட்டிக் குட்டி அடிகள் இருக்கின்றனவே, அவற்றை. திரையின் மேல் பாதியை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.