புது இரத்தம் ஊறிய பிறகும் காய்ச்சலுக்கு ஏன் இத்தனை அச்சம்?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. உடல் போதிய நல்ல இரத்தத்தை உண்டாக்க முடியாத பரம்பரை நோயான பீட்டா தலசீமியா மேஜரால் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து மாதந்தோறும் இரத்தம் ஏற்றி வந்தோம். மூன்று மாதங்களுக்கு முன் அவனுடைய அக்காளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த குருத்தணுக்களைக் கோலாலம்பூரில் அவனுக்குச் செலுத்தினார்கள். வெள்ளையணுக்கள் சரியான அளவுக்கு வந்துவிட்டன என்று கூறி வீட்டுக்கு அனுப்பினார்கள். சென்ற வாரம் இரவு 10 மணிக்கு அவன் உடல் 38.4 பாகை சுட்டது. பாராசித்தமோல் கொடுத்தேன், வேர்த்துக் காய்ச்சல் இறங்கியதால் விடியட்டும் என்று இருந்துவிட்டேன். மறுநாள் மருத்துவமனையில் தாதி என்னைக் கடிந்துகொண்டார். அணுக்கள் சரியாக இருக்கும்போது ஒரு காய்ச்சலுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? மேலும், தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் அவனுக்கு மொட்டை போடுவதாக என் மாமியார் வேண்டியிருக்கிறார். அழைத்துச் செல்லலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, தாதி உங்களைக் கடிந்துகொண்டதற்குப் பதிலாகக் காரணத்தை விளக்கியிருக்க வேண்டும். அதை நான் இங்கே சொல்கிறேன்.

'வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது' என்று எழுதியிருக்கிறீர்கள். பாராசித்தமோல் சூட்டைத்தான் இறக்கும். இரத்தத்தில் கிருமி இருந்தால் அது அங்கேயே பெருகிக்கொண்டிருக்கும், நமக்கு எச்சரிக்கை தந்த அடையாளம் மட்டும் மறைந்துவிடும்.

அணுக்களைப் பற்றித் தோட்டத்து வழக்கிலேயே சொல்கிறேன். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் கணக்குச் சரியாக இருப்பதால் மட்டும் வந்தவர்கள் எல்லோரும் வேலை பழகியவர்கள் ஆகிவிட மாட்டார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் 2 முதல் 4 வாரங்களில் நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளையணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500 என்ற அளவைத் தாண்டித் தொடர்ந்து நிலைத்தால், புது மஜ்ஜை பிடித்துவிட்டது என்கிறார்கள். ஆனால், நோய்களை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும் லிம்ஃபோசைட்டுகள் தேறுவதற்கு ஆறு மாதமோ ஓராண்டோ, சில பிள்ளைகளுக்கு அதற்கும் மேலோ ஆகும். பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுத்த கடுமையான மருந்துகள், குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பலனையும் பெரும்பாலும் அழித்துவிட்டிருக்கும். அக்காளின் அணுக்கள் தம்பியின் உடலை அந்நியமாக எண்ணித் தாக்காமலிருக்க அவன் சாப்பிட்டு வரும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தும் எதிர்ப்புச் சக்தியை அடக்கியே வைத்திருக்கிறது.

முதல் மாதத்தில் வாய்ப்புண், குடல், நெஞ்சில் பொருத்திய குழாய் ஆகியவற்றின் வழியாக நுழையும் பாக்டீரியாக்களே பெரிய ஆபத்து. அதன் பிறகு சுமார் நூறாவது நாள்வரை, உடலில் முன்பே உறங்கிக்கொண்டிருந்த சைட்டோமெகலோ வைரஸ் விழித்துக்கொள்ளக்கூடும். அடிக்கடி இரத்தம் எடுத்துச் சோதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நூறு நாள் கழிந்தால் எல்லாம் தீர்ந்தது என்று உறவினர்கள் சொல்வார்கள். அதற்குப் பிறகும் அக்கியும், நிமோனியா போன்ற நோய்களைத் தரும் நிமோகோக்கஸ் கிருமியும் வரக்கூடும் என்பதால், கோட்ரைமோக்சசோல், அசைக்ளோவிர் போன்ற தடுப்பு மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

தலசீமியாப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஆண்டுக்கணக்காக ஏற்றிய இரத்தத்தின் இரும்பு ஈரலிலும் இதயத்திலும் படிந்திருக்கும். சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இரும்பைத் தின்றே கொழுக்கும். மஜ்ஜை மாறியதால் அந்த இரும்பு தானாகக் கரைந்துவிடாது. பிறகு அவ்வப்போது இரத்தத்தை வெளியே எடுத்தோ மருந்து கொடுத்தோ அதைக் குறைப்பார்கள். மண்ணீரலை எடுத்துவிட்ட பிள்ளையாக இருந்தால், நிமோகோக்கஸ் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

நம் ஊர்ப் பெற்றோர் மண்ணையும் கவனிக்க வேண்டும். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் மெலியோய்டோசிஸ் என்ற நோய் வருகிறது. மலேசியாவில் இது உண்டு. தலசீமியா உள்ளவர்களை எளிதில் பற்றும் என்பதும் அறியப்பட்டதே. அடைமழை விட்டதும் பிள்ளைகள் வெறுங்காலோடு வீட்டுப் பின்கட்டுச் சகதியில் இறங்குவதை எத்தனை முறை பார்த்திருப்போம்! உங்கள் மகன் இப்போதைக்கு இறங்கக்கூடாது. செம்பனை மட்டைகள் மக்கிக் கிடக்கும் குவியலிலும், கோழிக்கூண்டைக் கூட்டும் தூசியிலும், கூரையையோ சுவரையோ இடிக்கும் புழுதியிலும் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை வித்துகள் இருக்கும். அந்தப் பக்கமும் அவனை விடாதீர்கள். கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டையும், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் வெட்டி வைத்த பழமும் வேண்டாம்.

இனிக் காய்ச்சல் வந்தால், அக்குளில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38 பாகையைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனையில் உங்களுக்குக் கொடுத்த எண்ணுக்கு அழைத்துவிட்டுப் புறப்படுங்கள்; அவர்கள் சொல்லாமல் பாராசித்தமோல் கொடுக்காதீர்கள். டெங்கியும் உலவும் ஊர் என்பதால் ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது. அவசரப் பிரிவின் முகப்பில் 'காய்ச்சல்' என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடும். ஒரு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஏற்றத் தொடங்குவதே நோக்கம். ஆகவே 'பெமிண்டாஹான் சும்சும் துலாங்' (மலாயில், எலும்பு மஜ்ஜை மாற்று) என்று பெரிய எழுத்தில் எழுதிய அட்டையையும் மருத்துவமனைக் கடிதத்தையும் எடுத்தவுடன் நீட்டுங்கள். நெஞ்சுக் குழாய் இன்னும் இருந்து, அதைக் கழுவியதும் அவனுக்கு நடுக்கம் வந்திருந்தால் அதையும் தவறாமல் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்கு இவ்வாண்டு அழைத்துச் செல்ல வேண்டாம். அத்தனை கூட்டத்தில் யாருக்கு இருமல், யாருக்கு அம்மை என்று தெரியாது. மருந்தால் உதிர்ந்து, இப்போதுதான் பூனைமுடியாக முளைக்கும் தலையில் கத்தி பட்டுக் கீறினால் அந்தக் கீறலே கிருமிக்கு வழியாகும். உங்கள் மாமியாரின் மனத்தை நோகடிக்காமல், மஞ்சள் துணியில் காணிக்கையை முடிந்து சாமி படத்தின் முன் வைக்கச் சொல்லுங்கள். வேண்டுதலைத் தள்ளிப்போட நம் பெரியவர்கள் கண்ட வழிதானே அது! சைக்ளோஸ்போரினை நிறுத்தி மருத்துவர் அனுமதித்த பிறகு குடும்பமாகப் போய் நிறைவேற்றலாம்.

அதற்குள் வீட்டிலுள்ள அனைவரும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மகனுக்கான தடுப்பூசிகளைப் பெரும்பாலும் ஆறு மாதம் அளவில் மீண்டும் தொடங்குவார்கள். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் இரண்டாண்டுக்குப் பின்னரே, அதுவும் அடக்கு மருந்துகள் நின்ற பிறகே. பள்ளியில் யாருக்காவது சின்னம்மை கண்டு, அக்காளுக்கும் அது தொற்றியிருக்கலாம் என்று தோன்றினால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவக் குழுவை அழையுங்கள். முதல் சில நாள்களுக்குள் கொடுத்தால்தான் தடுப்பு மருந்து முழுப் பலன் தரும்.