நக்கல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தெருக்கூத்தைப் பற்றிய கட்டுரையில், கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் பேச்சை ‘நக்கல்’ என்று எழுதியிருந்தீர்கள். அது நாக்கால் நக்குவதிலிருந்து வந்த கொச்சைச் சொல் என்றும், எழுத்தில் ‘எள்ளல்’, ‘அங்கதம்’ என்பவையே தகும் என்றும் எங்கள் தமிழாசிரியர் சொல்வார். கிண்டலும் நக்கலும் ஒன்றுதானா?

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

நாக்கை இதில் இழுக்கத் தேவையில்லை என்றே கருதுகிறேன். ‘புகு’ என்னும் வினை இறந்தகாலத்தில் ‘புக்கான்’ ஆவதுபோல, சிரித்தலைக் குறிக்கும் ‘நகு’ பழந்தமிழில் ‘நக்கான்’ என்று வரும். நக்கலையும் அந்தக் கிளையில் வைப்பதே பொருளுக்குப் பொருந்துகிறது.

கிண்டலும் நக்கலும் ஒன்றல்ல என்பதை வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் கால்மணி நேரம் நின்றாலே அறியலாம். தக்காளிக்கு அடிமாட்டு விலை கேட்பவரிடம் கடைக்காரர், “துட்டே வேணாம், சும்மாவே எடுத்துக்கினு போங்க” என்பார், வாங்க வந்தவர் முகம் சுருங்க, “இன்னா, நக்கலா?” என்பார், உடனே கடைக்காரர், “சும்மா கிண்டலுக்குச் சொன்னேங்க” என்று தணிவார். பேச்சு ஒன்றுதான், சொன்னவர் அதைக் கிண்டல் என்கிறார், பட்டவர் நக்கல் என்கிறார். தன் பேச்சைத் தானே நக்கல் என்று சொல்லிக்கொள்பவர் அரிது. (இளைஞர்களின் ‘கலாய்த்தல்’ இரு பக்கத்தாரும் ஒப்புக்கொள்ளும் சொல்லாக இருப்பதால்தான் இவ்வளவு விரைவாகப் பரவியது என்பது என் எண்ணம்.)

உங்கள் ஆசிரியர் சொன்ன இரு சொற்களில் எள்ளல் மிகப் பொதுவானது. நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களில் அதையே தொல்காப்பியம் முதலில் வைக்கிறது. அங்கதமோ வசையைச் சார்ந்தது. அதை வெளிப்படையான செம்பொருள் அங்கதம் என்றும், பழியை மறைத்துச் சொல்லும் பழிகரப்பு அங்கதம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. பின்னதற்கு நம் தொண்டை நாட்டிலேயே சான்று உண்டு. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், இங்குள்ள படைக்கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன என்றும், அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன என்றும் பாடினார் (புறநானூறு 95). தொண்டைமான் “நக்கலா?” என்று கேட்க வழியில்லை, கேட்டால் தன் படை போர் காணாதது என்று அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கட்டியங்காரனுக்கு அந்த மறைப்பு வேண்டியதில்லை. செய்யாறு, புரிசைப் பக்கத்துக் கூத்தில், கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி வரும் ராஜாவை அவன் நேருக்கு நேர் நின்று, ஊர்ப் பேச்சிலேயே, அன்றைய ஊர் நடப்பையும் சேர்த்து மட்டம் தட்டுவான். அதைச் செம்பொருள் அங்கதம் என்றால் இலக்கணப்படி மறுக்க மாட்டேன். ஆனால் அடிபடும் ராஜாவின் காதில் அது எப்படி விழுகிறது என்பதை அந்தத் தொடர் சொல்லாது. அதனால்தான் நக்கல் என்று எழுதினேன்.

ஒருவரின் பேச்சை ‘நக்கல்’ என்று எழுதும்போது, எழுதுபவர் பட்டவரின் பக்கம் நிற்கிறார். மேடையில் ஒரு பெரிய மனிதர் மனு கொடுக்க வந்தவரை மட்டம் தட்டியதைச் செய்தியாளர் ‘நகைச்சுவையாகக் குறிப்பிட்டார்’ என்று எழுதினால், அவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதும் அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும்.