கேளுங்கள், சொல்கிறேன்: மெஸ்ஸுக்கு மணி பார்த்துப் போங்கள்

கேள்வி: வங்கி வேலையில் மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து சேலம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்து ரோடு பக்கம் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். பெரிய ஓட்டலில் தினமும் சாப்பிடச் சம்பளம் போதாது, சின்ன மெஸ்ஸில் வாயில் வைக்க முடியவில்லை. நல்ல மெஸ்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே தம்பி. வங்கி என்றால் இரண்டரை, மூணு ஆகியிருக்கும். கோளாறு அங்கேதான் இருக்கும் என்று தோன்றுகிறது. சின்ன மெஸ்ஸில் மதியத்துக்கு ஒரே உலைதான், பன்னிரண்டரைக்குப் பந்தி தொடங்கினால் இரண்டு மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும், அப்புறம் போகிறவருக்கு அடிச்சட்டியில் இருப்பதில் வெந்நீர் விட்டுக் கலக்கித்தான் ஊற்றியாக வேண்டும். நானும் ஒருநாள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மூணு மணிக்கு ஒரு மெஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். சாம்பாருக்கும் ரசத்துக்கும் கரண்டி மட்டும்தான் வேறு. மனசு கேட்காமல் அடுத்த வாரம் பன்னிரண்டே முக்காலுக்குப் போனால், கொள்ளுப் பருப்பு கடைந்ததும், பூண்டு தட்டிப்போட்ட ரசமும், முருங்கைக்கீரைப் பொரியலுமாக இலை நிறைந்தது. அதே கடைதானா என்று நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன்.

மெனு போர்டு நீளமாக இருந்து அதில் பிரைடு ரைஸும் நூடுல்ஸும் இருந்தால் நான் உள்ளே போவதில்லை. கரும்பலகையில் சாக்பீஸால் மூணு வரி எழுதியிருந்தால் தைரியமாகப் போவேன். மூட்டை தூக்குகிறவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள், இரண்டாவது தடவை சாதம் கேட்டால் முகம் சுளிக்கிற கடைக்கு அவர்கள் மறுநாள் போகமாட்டார்கள். அப்புறம், திருநெல்வேலிச் சொதியை இங்கே தேடாதீர்கள். இந்தப் பக்கத்துக் கை வேறு. கொள்ளு, கீரைக் கடைசல், களி, கருவாட்டுக் குழம்பு, கொதிக்கவே வைக்காமல் கரைக்கிற பச்சைப்புளி ரசம், இவை கிடைக்கிற அன்றைக்கு விட்டுவிடாதீர்கள்.

வேலை விட்டு நேரத்துக்கு வர முடியாதென்றால் இரண்டு அடுக்கு டிபன் கேரியர் ஒன்று வாங்கிக் காலையில் மெஸ்ஸில் கொடுத்துவிடுங்கள், முதல் பந்திச் சாப்பாட்டை அதில் எடுத்து வைத்துவிடுவார்கள். கேரியரில் வாங்கினால் அளவும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ராத்திரிக்கும் வரும். பத்து நாள் முகம் பழகட்டும், "ஏனுங்க தம்பி, நேத்து காணோம்?" என்று அக்காவே கேட்பார்.

கேள்வி: நான் சாப்பிடும் சின்ன மெஸ்ஸில் பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாக வாங்குகிறார்கள். சரியா?
- ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணே இல்லாத கடை வரி வாங்க முடியாது. வருட விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடை பதிவு செய்யவே வேண்டியதில்லை, சின்ன மெஸ்கள் பலவும் இந்தக் கணக்கில் வரலாம். எண் இருந்து, 'காம்போசிஷன்' (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) என்று போட்டிருந்தால் அவர்கள் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், உங்களிடம் தனியாக வாங்கக் கூடாது. மற்றபடி சாதாரணப் பதிவுள்ள சிறு ஓட்டல் என்றால் 5 சதவீதம், அது நியாயமானதுதான். சண்டை போடாமல் கேளுங்கள், நாளைக்கும் அங்கேதானே சாப்பிட வேண்டும்.

கேள்வி: பள்ளிபாளையம் சிக்கன் சேலத்து அயிட்டம் என்று நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் ஈரோடு என்கிறார். யார் ஜெயித்தது?
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: ஊர் காவிரிக்கு இந்தக் கரை, ஈரோடு அந்தக் கரை. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிகிற வரைக்கும் பள்ளிபாளையம் சேலம் மாவட்டம்தான். அதனால் பழைய கணக்கில் நீங்கள், இப்போதைய கணக்கில் இருவருமே தோல்வி. ஆனால் ஒன்று, மசாலாத்தூள் கொட்டிச் சிவப்பாக்கிக் கொடுத்தால் அது பள்ளிபாளையமே இல்லை. சின்ன வெங்காயம், விதை உதறிய வரமிளகாய், தேங்காய்ப் பல், இவ்வளவுதான் வேலை. பல கடைகளில் தேங்காய்ப் பல்லையே காணோம்.

கேள்வி: குழந்தைகளோடு ஏற்காடு போகிறோம். அடிவாரத்திலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறலாமா?
- ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: வேண்டாம் தாயே. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, பூரியும் கிழங்கும் எத்தனையாவது வளைவில் வெளியே வரும் என்று பந்தயமே கட்டலாம். ஆளுக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு மேலே போய்ச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், கூட்டம் வந்து சின்னக் கடைகளில் சீக்கிரமே பாத்திரம் கவிழ்ந்துவிடும். ஏரிப் பக்கத்து மிளகாய் பஜ்ஜி சாயங்காலக் குளிருக்கு. காபி மட்டும் கேட்டு வாங்குங்கள்: காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் 19-ஆம் நூற்றாண்டில் காபிச் செடி கொண்டுவந்து வைத்த மலை, சுற்றிலும் தோட்டம், ஆனாலும் பாக்கெட்டைக் கிழித்து இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கித் தருகிற கடைகள் உண்டு.

கேள்வி: தட்டுவடை செட்டைப் பார்சல் வாங்கிப் போனால் வீட்டில் ருசிக்கவில்லையே?
- ஒரு வாசகர், தாரமங்கலம்

பதில்: தட்டுவடை, அதன்மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. இத்தனை ஈரத்தை அது எத்தனை நிமிடம் தாங்கும்? தள்ளுவண்டி பக்கத்திலேயே நின்று சாப்பிட வேண்டிய பண்டம் அது. பார்சல்தான் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: போதும் போதும் என்றாலும் மெஸ் அக்கா சாதம் வைத்துக்கொண்டே இருக்கிறார். எப்படி நிறுத்துவது?
- ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: கை காட்டி மறிக்காதீர்கள், கைமேலேயே விழும். தப்பித்தவறி மோர் என்றும் கேட்டுவிடாதீர்கள், அதற்கென்று இன்னொரு கரண்டி வரும். பேசாமல் இலையை மடித்துவிடுங்கள்.