பறவைகளைப் பற்றிப் பெரிதாகத் தெரியாதவர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. முதல் வருடம் மொட்டைமாடியில் நோட்டோடு நின்றபோது எனக்கு உறுதியாகத் தெரிந்தவை காகம், மைனா, பச்சைக்கிளி, மாடப்புறா, அவ்வளவுதான்.

2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் இது நடக்கிறது. வீடு, தெரு, குளக்கரை, எங்கே வேண்டுமானாலும் குறைந்தது 15 நிமிடம் கவனித்து, பார்த்தவற்றையும் குரல் கேட்டவற்றையும் இனவாரியாக எண்ணி ஈபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும்.

எண்ணுவதுதான் இதில் சுகமே. எங்கள் வீட்டு முருங்கைக்குக் கீழே தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வரும். நாலைந்து சருகைப் புரட்டும், ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும். எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடும். அதனால் அவை வேலியைத் தாண்டும்வரை காத்திருப்பேன். ஒரேயடியாகக் கிளம்பாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழப் பறந்து போகும்; அப்போது எண்ணிவிடலாம். போன பொங்கலுக்கு ஒன்பது.

"காக்காயை எல்லாமா எண்ணணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். கட்டாயம் எண்ண வேண்டும். அரிய பறவையைத் தேடிப் போய்ப் பதிவு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். காகத்தையும் மைனாவையும்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. சிட்டுக்குருவி அழிந்தே போய்விட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் இப்படிச் சேர்ந்த பட்டியல்களை வைத்து 2020-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் அதன் நிலை ஏறக்குறைய சீராக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்து வருகிறது என்றது. 2023 அறிக்கைக்கு முப்பதாயிரம் பேரின் மூன்று கோடிப் பதிவுகள் உதவின. பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள்தான்.

அதனால்தான் அடையாளம் தெரிந்த எதையும் விடாமல் எழுதச் சொல்கிறார்கள். முழுப் பட்டியல் என்றால்தான், அதில் சிட்டுக்குருவி இல்லை என்பதும் ஒரு தகவலாகும்.

பெயர் தெரியாத பறவைக்குக் குத்துமதிப்பாக ஒரு பெயரைப் போட்டுவிடாதீர்கள். பெண்குயில் கருப்பாக இருக்காது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி. அதை வேறு ஏதோ பறவை என்று நான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் என்றால் போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் குருவிகள் இலைக்குள் அடங்கிவிடும்.