துன்பியல் நாடகங்களில் வில்லத்தனத்தின் வேர் எது? பதவி ஆசைதானா?

பதவி ஆசை ஒரு காரணம்தான். ஆனால் வேர் அதற்கும் கீழே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில், தளபதி மேக்பெத் தன் அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறுகிறான். முதல்முறை படித்தபோது, வழியில் சந்தித்த சூனியக்காரிகள்தான் அவனைக் கெடுத்தார்கள் என்று நம்பினேன். மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. அவர்கள் சொல்வது, நீ அரசனாவாய் என்பதை மட்டும்தான். கொலை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் மேக்பெத் திடுக்கிடுகிறான். நல்ல செய்திக்கு ஏன் பயப்படுகிறாய் என்று பக்கத்தில் நிற்கும் சக தளபதி பாங்கோ கேட்கிறான். அந்த எண்ணம் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது.

ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலிலிருந்துதான் ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தார். அதில் டங்கன் கண்டிப்பில்லாத அரசன். அரியணையில் தனக்கிருந்த உரிமை பறிபோனதாக மேக்பெத் குமுறுகிறான், கொலைக்கு பாங்கோவும் உடந்தை. கொஞ்சம் நியாயம் அவன் பக்கமும் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் இந்தச் சாக்குகளை எல்லாம் எடுத்துவிட்டார். நாடகத்தில் டங்கன் நல்ல அரசன், விருந்தாளியாக வந்து மேக்பெத்தின் வீட்டில் தூங்குகிறவன். தன்னைத் தூண்டுவது பேராசை மட்டும்தான் என்று மேக்பெத்தே தனிமையில் ஒப்புக்கொள்கிறான்.

அப்புறம் 'ஒத்தெல்லோ' நாடகத்தின் இயாகோ. தளபதி ஒத்தெல்லோவின் கீழ் வேலை செய்கிறவன். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா மேல் பொய்ச் சந்தேகத்தைக் கிளப்பி, ஒத்தெல்லோ கையாலேயே அவளைக் கொல்ல வைக்கிறான். 1565-இல் வெளியான, இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோவின் மூலக்கதையில், வில்லன் டெஸ்டிமோனா மேல் ஆசைப்பட்டு, அது நடக்காததால் பழிவாங்குகிறான். காரணம் தெளிவு. இயாகோவுக்கோ காரணம் மாறிக்கொண்டே இருக்கிறது. தான் எதிர்பார்த்த பதவி காஸியோ என்ற இன்னொரு படைவீரனுக்குப் போய்விட்டது என்கிறான். தன் மனைவியோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்பு என்கிறான், பிறகு காஸியோவுக்கும் என்கிறான். அந்தச் சந்தேகம் உண்மையா என்று தெரியாது, ஆனாலும் உண்மை என்றே வைத்துக்கொண்டு நடப்பேன் என்றும் சொல்கிறான்! முதலில் கெடுக்க வேண்டும் என்ற வெறி, அதற்குப் பிறகுதான் காரணம்.

இயாகோவின் தீமைக்குக் காரணமே இல்லை என்றார் ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜ். நான் ஏற்கவில்லை. ஐந்தாம் அங்கத்தில் அவன் வாயிலிருந்தே ஒன்று நழுவி விழுகிறது: காஸியோவின் வாழ்க்கையில் அன்றாடம் ஒரு அழகு இருக்கிறது, அதன் எதிரில் நான் அசிங்கமாகத் தெரிகிறேன் என்கிறான். பதவி, மனைவி என்று அவன் அடுக்கியதைவிட இதைத்தான் நான் நம்புகிறேன்.

கடைசியில், ஏன் இப்படிச் செய்தான் என்று ஒத்தெல்லோ கேட்கிறான். என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான் இயாகோ. நாடகம் நெடுக நம்மிடம் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தவன் அவன்.