கலைச்சுப் போடுங்க: மூணு பேர் மேசையில் ஒரு கறுப்பு ஆடு

போன மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ‘துரோகி ஒளிந்திருக்கும் ஆட்டத்துக்கு ஐந்து பேராவது வேண்டும், வீட்டில் இரண்டு மூன்று பேர்தான் என்றால் பேசாமல் ரம்மி ஆடுங்கள்’ என்று எழுதிவிட்டேன். கூட ஆடுகிறவர்களில் ஒருவன் ரகசியமாக எதிர்ப்பக்கம் ஆடுவான், அவனைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்த வகை ஆட்டத்தைச் சொன்னேன். வாய்க்கொழுப்பு. அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பட்ட கடனை அடைக்கிறேன்.

ஐயா, விடுதியில் எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். ஆனால் ஷிப்ட் மாறி மாறி வருவதால் ஒரே நேரத்தில் முழித்திருப்பது நானும் தேவகோட்டைத் தம்பி ஒருவனும்தான். ஐந்து பேருக்கு நான் எங்கே போவேன்? இரண்டு பேருக்கு ஒரு துரோகி ஆட்டம் சொல்லுங்கள். எனக்கே ஒரு சந்தேகமும் இருக்கிறது: நான் துரோகி இல்லை என்றால் அவன்தானே துரோகி? இதில் ஒளிவதற்கு என்ன இருக்கிறது?
— கப்பல் பட்டறைத் தொழிலாளர், துவாஸ், சிங்கப்பூர்

தம்பி, கடைசி வரியில் விஷயத்தைப் பிடித்துவிட்டீர்கள். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது மாஃபியா. 1980களின் பிற்பாதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் டிமித்ரி டேவிடாஃப் என்பவர் உண்டாக்கியது. அது கூட்டத்துக்கான ஆட்டம். பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் ‘யார்?’ என்று கேட்கலாம். இரண்டு பேர் உட்கார்ந்தால் அந்தக் கேள்வி சீட்டைப் பிரிக்கும்போதே செத்துவிடும். அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். துரோகி யார் என்று கேட்காதீர்கள். துரோகி இருக்கிறானா என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் இதைக் ‘கறுப்பு ஆடு’ என்கிறோம். சாதாரணச் சீட்டுக்கட்டு ஒன்று போதும். படச்சீட்டுகள் பன்னிரண்டையும் பிரித்தெடுங்கள். அவற்றிலிருந்து ஆட்டின் ராணி (சிவப்பு இதயம் போட்டது), டைமன் ராணி, இஸ்பேடு ராஜா, இந்த மூன்றை மட்டும் கலைத்து ஆளுக்கு ஒன்று போடுங்கள். மூன்றாவது சீட்டை யாரும் பார்க்காமல் மேசையில் கவிழ்த்து வையுங்கள். ராணி வந்தவன் நல்லவன். ராஜா வந்தவன் கறுப்பு ஆடு. உங்களுக்கு ராணி வந்திருந்தால், ராஜா தம்பியிடம் இருக்கப் பாதி வாய்ப்பு, மேசையில் கிடக்கப் பாதி வாய்ப்பு. ஆட்டத்தின் உயிரே அந்த மேசைச் சீட்டில்தான்.

மிச்சம் நாற்பது எண் சீட்டு. இருபது சிவப்பு, இருபது கறுப்பு. ஆளுக்கு மூன்று பிடியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கட்டின் மேலிருந்து ஒன்றை யாரும் பார்க்காமல் அதோடு சேர்த்து, மூன்றையும் நன்றாகக் கலைத்துத் திறக்க வேண்டும். சிவப்பு அதிகம் என்றால் சுற்று நல்லவர்களுக்கு. பிறகு கட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறு சுற்று. நான்கு சுற்றாவது சிவப்பாக முடிந்தால் நல்லவர்கள் ஜெயித்தார்கள். முடியாவிட்டால் கறுப்பு ஆடு ஜெயித்தது. கறுப்பு ஆடே இல்லையென்றால் இரண்டு பேருக்கும் தோல்வி.

கையைக் காட்டக் கூடாது. வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பொய் உட்பட.

மூன்றாம் சுற்று முடிந்த பிறகு, ஆறாவதைத் திறப்பதற்குள், ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை ‘நீதான்’ என்று விரல் நீட்டலாம். நீட்டினால் இரண்டு பேரும் தங்கள் ஆள் சீட்டை, அதாவது முதலில் வந்த ராணியையோ ராஜாவையோ, திறக்க வேண்டும். எதிராளி ராஜா என்றால் நீட்டியவனுக்கு வெற்றி. நீட்டியவன் கையிலேயே ராஜா இருந்தால் தோல்வி அவனுக்கு. இரண்டும் ராணி என்றால் இரண்டு பேரும் காலி.

கட்டிலிருந்து எதற்காக ஒரு சீட்டைச் சேர்க்கிறோம்? நீங்கள் சிவப்பு வைத்தீர்கள், திறந்தால் ஒரு கறுப்பு தெரிகிறது. கட்டிலிருந்து வந்ததா, தம்பி வைத்ததா? தெரியாது. இரண்டு கறுப்பு வந்தால் தம்பியும் கறுப்பு வைத்தான் என்பது உறுதி. ஆனால் அவன் கையில் சிவப்பே இல்லையோ என்னவோ! இங்கேதான் ரசம். நல்லவன் சிவப்பையே இறக்கிக்கொண்டிருப்பான், கறுப்பெல்லாம் கையிலேயே தேங்கும். நாலாம் சுற்று வரும்போது நல்லவன் கையும் கறுத்துப்போய்விடும். அப்போது அவன் ‘சத்தியமாக என்னிடம் சிவப்பு இல்லை’ என்பான். கறுப்பு ஆடும் அதையேதான் சொல்லும்.

போன டிசம்பரில் ஒரு மழை ராத்திரி நானும் என் மனைவியும் ஆடினோம். எனக்கு டைமன் ராணி. மூன்றாம் சுற்றிலிருந்து என் கையில் மூன்றும் கிளாவர். எதை எடுத்தாலும் கறுப்பு. நான்காம் சுற்று திறந்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ‘நாற்பத்தோரு வருஷமா உங்களைப் பார்க்கிறேன், நீங்கதான்’ என்று விரலை நீட்டினாள். திறந்தோம். அவளிடம் ஆட்டின் ராணி, என்னிடம் டைமன் ராணி. இஸ்பேடு ராஜா ஊறுகாய்ப் போத்தல் பக்கத்தில் நிம்மதியாகக் குப்புறப் படுத்திருந்தார். ‘அப்ப ஏன் கறுப்பா போட்டீங்க’ என்று இன்னமும் கேட்கிறாள்.

பள்ளி முகாமில் ஆடிவிட்டு வந்த என் 12 வயது மகன் கேட்டானே என்று ‘தி ரெசிஸ்டன்ஸ்’ என்ற துரோகி ஆட்டப் பெட்டியை வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 5 முதல் 10 பேர் என்று போட்டிருக்கிறது. நாங்கள் மூன்று பேர். பணம் தண்டமா?
— இல்லத்தரசி, ஈசூன்

தண்டம் இல்லை அம்மா. தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அதுவரை அலமாரியில் இருக்கட்டும். அதற்குள் மேலே சொன்ன கறுப்பு ஆட்டை மூன்று பேராக ஆடுங்கள். ஆட்டின் ராஜாவையும் நல்லவர் பக்கம் சேர்த்தால் ஆள் சீட்டு நான்கு. மூன்றைப் போட்டுவிட்டு நான்காவதைக் கவிழ்த்து வையுங்கள். நீங்கள் நல்லவர் என்றால் இஸ்பேடு ராஜா கணவரிடம் இருக்க மூன்றில் ஒரு பங்கு, மகனிடம் ஒரு பங்கு, மேசையில் ஒரு பங்கு. சுற்றுக்குக் கட்டிலிருந்து இரண்டு சீட்டுச் சேருங்கள். மொத்தம் ஐந்தில் மூன்று சிவப்பு வேண்டும். இரண்டு பேர் விரலும் ஒரே ஆள் மேல் நீண்டால்தான் குற்றச்சாட்டு செல்லும். பிடிபட்டது கறுப்பு ஆடு என்றால் மற்ற இருவருக்கும் வெற்றி. தவறான ஆளைச் சுட்டினால் கறுப்பு ஆடு ஜெயிக்கும்; அது மேசையில் கிடந்தால் மூன்று பேருக்கும் தோல்வி. ஆக, மகன் கறுப்பு ஆடாக வந்தால் அப்பாவோடு சேர்ந்துகொண்டு உங்கள் பக்கம் விரல் நீட்டுவான். பன்னிரண்டு வயதில் இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த யோசனைகள் என் மூளையில் உதித்தவை அல்ல. நான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். என் பேரன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, போகும் முன் பெட்டி பெட்டியாக ஆட்டங்கள் வாங்கி அடுக்கியிருந்தான், அவன் போன பிறகு விதிப்புத்தகங்களைப் படித்தது நான்தான். 2005இல் வந்த ‘ஷேடோஸ் ஓவர் கேமலாட்’டை மூன்று பேர் முதல் ஆடலாம். அதில் விசுவாசச் சீட்டு எட்டு, துரோகி ஒன்றே ஒன்று. ஆளுக்கு ஒன்று எடுத்தபின் மிச்சம் ஒதுங்கிவிடும். மேசைச் சீட்டு அங்கிருந்து திருடியது. கட்டிலிருந்து இரண்டைச் சேர்ப்பது 2008இல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’விலிருந்து. அதுவும் மூன்று பேரில் தொடங்கும். சோதனை ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரர்களின் சீட்டோடு இரண்டு ‘விதி’ச் சீட்டும் கலக்கும். அந்த ஆட்டத்தில் இன்னொரு குறும்பும் உண்டு. பாதி வழியில் விசுவாசச் சீட்டை மறுபடியும் போடுவார்கள், அதுவரை உழைத்தவன் திடீரென்று எதிரியாகிவிடுவான். வேண்டுமானால் நீங்களும் மூன்றாம் சுற்று முடிந்ததும் நான்கு ஆள் சீட்டையும் திரும்பக் கலைத்துப் போட்டுப் பாருங்கள். நான் ஒரு தடவை பார்த்தேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

துரோகிச் சீட்டுக்கு ‘எட்டப்பன்’ என்று பெயர் வைத்தால் தமிழ்மணம் கமழுமே?
— வாசகர், தெம்பனிஸ்

முதலில் அப்படித்தான் வைத்திருந்தோம். என் சம்பந்தி அம்மாவுக்கு எட்டயபுரம் பக்கம். ஒரு நாள் ஆட்டத்தின் நடுவே சீட்டைக் கீழே வைத்துவிட்டு, ‘கட்டபொம்மனை 1799இல் கயத்தாறில் தூக்கில் போட்டது கம்பெனிக்காரன். பேச்சு மட்டும் இன்றைக்கு வரைக்கும் எங்க ஊருக்கு. பாரதியார் பிறந்ததும் அதே ஊர்தான், அதை ஒருத்தரும் சொல்றதில்லை’ என்றார். சம்பந்தி அம்மா சொன்னால் மறுபேச்சு உண்டா? அன்றைக்கே கறுப்பு ஆடு ஆகிவிட்டது.

தாத்தா, முகாமில் நாங்கள் ஆடும் ஃப்ளோட்டிங் பிரிட்ஜும் இந்த வகைதானே? இதைப் பற்றி ஏன் எழுதவில்லை?
— தேசிய சேவையாளர், செங்காங்

கூட்டாளி ஒளிந்திருக்கும் ஆட்டம் அது. தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நான்கு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. ஏலத்தில் ஜெயித்தவன் தன்னிடம் இல்லாத ஒரு சீட்டைச் சொல்லி அழைப்பான், ‘இஸ்பேடு ஆஸ்’ என்பது போல. அது யார் கையில் இருக்கிறதோ அவன்தான் கூட்டாளி. ஆனால் அவன் வாயைத் திறக்க மாட்டான், அந்தச் சீட்டு மேசையில் விழும்வரை மற்ற மூன்று பேரும் குழம்பிக்கொண்டிருப்பார்கள். சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு அது பாலபாடம் மாதிரி. ஆனால் நான்காவது ஆள் இல்லாமல் நகராது. நான் எழுதாததற்கு அதுதான் காரணம், வேறு பகை ஒன்றும் இல்லை.

ஒளித்து வைக்கும் ருசி எனக்கு வந்தது வேறு வழியில். என் காலத்தில் கிட்டங்கி நிழலில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் முந்நூற்று நாலு சொல்லிக்கொடுத்தார். முப்பத்திரண்டு சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கு 304. பெயர் வந்த வழி அதுதான். ஏலம் கேட்டு ஜெயித்தவர் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார். எது துருப்பு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கவிழ்ந்து கிடக்கும் ஒற்றைச் சீட்டு மேசையில் இருக்கிற எல்லாரையும் என்ன பாடு படுத்தும் என்று அப்போதே பார்த்துவிட்டேன். ராணிக்கு ஏன் ராஜாவைவிடக் குறைவு என்று கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குப் பொய் சொல்லப் பழக்குகிறீர்களே, நியாயமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, அங் மோ கியோ

டீச்சர், பொய் சொல்லப் பிள்ளைகளுக்கு என் உதவி தேவைப்படுவதாக நீங்கள் நினைப்பதே ஆச்சரியமாக இருக்கிறது. என்னைக் கேட்டால் கறுப்பு ஆடாக இருப்பதைவிட, நல்லவனாக இருந்து நம்பப்படாமல் போவதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். ஒன்பது வயதுக்குக் கீழே என்றால் அழுதுவிடுகிறார்கள். அந்த வயதுக்குக் கழுதை ஆட்டமே போதும்.

அடுக்குமாடி புளோக் கீழே வெற்றுத்தளத்தில் ஐம்பது காசு வைத்து ஆடலாமா?
— பெயர் வேண்டாம், தோ பாயோ

பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டுக்குள் குடும்பத்தாரும் நண்பர்களும் காசு வைத்து ஆடலாம். யாரும் அதைத் தொழிலாக நடத்தக் கூடாது. வெற்றுத்தளம் உங்கள் வீடு இல்லை. கடலைப்பருப்பு வைத்து ஆடுங்கள்.

ராஜா வந்தால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. என்ன செய்ய?
— கல்லூரி மாணவி, ஜூரோங் வெஸ்ட்

ராணி வந்தாலும் ராஜா வந்தாலும் ஆள் சீட்டை இரண்டு முறை எடுத்துப் பாருங்கள். ஒரே கையால், ஒரே வேகத்தில் சீட்டை வையுங்கள். முதல் இரண்டு சுற்றில் சிவப்பு இருந்தால் சிவப்பையே இறக்குங்கள். அவசரப்படும் ஆடுதான் பிடிபடும். கறுப்பை வைத்துவிட்டு உடனே அடுத்தவரைப் பார்க்காதீர்கள்.

நானே தேறின பாடில்லை. ராஜா வந்தால் கோப்பிக் குவளையின் பிடியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் திருப்பி வைக்கிறேனாம். மூன்று வருடம் அதைப் பார்த்துப் பார்த்தே ஜெயித்துவிட்டு, போன பொங்கலன்றுதான் மனைவி வாயைத் திறந்தாள். இப்போது ஆட உட்கார்ந்தால் பிடியில்லாத கண்ணாடிக் கிளாஸில்தான் கோப்பி ஊற்றிக்கொள்கிறேன். ஆனாலும் போன வாரம் இரண்டு தடவை பிடித்துவிட்டாள். எதைப் பார்த்து என்று கேட்டேன். ‘இன்னும் மூணு வருஷம் போகட்டும்’ என்கிறாள்.