ஓட்டைக் காலணாவும் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானமும்: கேள்வி பதில்

கேள்வி (மஞ்சக்குப்பம்): தாத்தா பெட்டியில் 1943-ம் வருஷக் காலணா கிடைத்தது. நடுவில் ஏன் ஓட்டை, சார்?

பதில்: இரண்டாம் உலகப் போருக்கு உலோகம் தேவைப்பட்டது. அதனால் காலணாவை நடுவில் ஓட்டை போட்டு அடித்தார்கள், எடை பாதிக்கும் கீழே போனது. அதற்கு முன்பே, 1940-ல், வெள்ளி ரூபாயில் 12-க்கு 11 பங்காக இருந்த வெள்ளியை 12-க்கு 6 பங்காகக் குறைத்தாயிற்று. நோட்டோ பெருகியது. 1939-ல் சுமார் 180 கோடி ரூபாய் புழக்கத்தில் இருந்தது, 1945-ல் 1,100 கோடியைத் தாண்டிவிட்டது. காரணம் இதுதான்: இங்கே வாங்கிய சரக்குக்கு பிரிட்டன் லண்டனில் தன் பணமான ஸ்டெர்லிங்கில் வரவு வைத்தது, அதை ஈடாகக் காட்டி இங்கே நோட்டு அச்சிட்டார்கள். சரக்கு கப்பலேறிவிட்டது, காகிதம் மட்டும் ஊரில் சுற்றியது. நெல் வைத்திருந்தவர் சமாளித்தார். காசாகக் கூலி வாங்கியவருக்கு அதே கூலிக்குக் கிடைத்த அரிசி குறைந்தது.

கேள்வி (காராமணிக்குப்பம்): நம் பக்கம் நெல் விளையும்போது பர்மா விழுந்தால் நமக்கென்ன?

பதில்: சென்னை மாகாணம் தன் விளைச்சல் போதாமல் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் பர்மாத் தலைநகர் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்ததும் வரத்து நின்றது, பதுக்கல் தொடங்கியது. அதைவிடப் பெரியது, காடு மலை தாண்டி நடந்து வந்த அகதிகள் கொண்டுவந்த சேதி. வெள்ளையருக்கு ஒரு வழி, நம்மவருக்கு ஒரு வழி என்று பிரித்தார்கள். சர்க்கார் காப்பாற்றும் என்ற நம்பிக்கை அங்கேதான் உடைந்தது. ஆகஸ்ட் 8-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் வந்தது.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): அப்படியானால் பசி வந்தாலே புரட்சி வருமா, ஐயா?

பதில்: வராது. பலரும் தவறுவது இங்கேதான். 1943 வங்காளப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டார்கள், பெருங்கிளர்ச்சி எழவில்லை. பட்டினியில் விழுந்தவருக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை, காங்கிரஸ் தலைவர்களும் சிறையில். 1945-ல் வியட்நாமின் வடக்கே டோங்கினில் பஞ்சம் வந்தபோது நடந்தது வேறு. அங்கே கம்யூனிஸ்டுகள் தலைமையிலான விடுதலை அமைப்பான வியட்மின் நெற்களஞ்சியங்களை உடைத்து அரிசி கொடுத்தது, செப்டம்பர் 2-ல் விடுதலையும் அறிவித்தது. பசிக்கு யார் காரணம் என்று சுட்டிக்காட்ட ஆள் வேண்டும், சேர்ந்து நிற்க அமைப்பும் வேண்டும்.

கேள்வி (முத்தியால்பேட்டை): போர் முடிந்தபின் கோபம் ஆறாதா?

பதில்: அப்போதுதான் கூடும். முதல் உலகப் போர் ஓய்ந்து ஒன்பதே நாளில், 1918 நவம்பர் 20-ல், புதுச்சேரியிலிருந்து வெளிவந்த பாரதியைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் போட்டார்கள். விலைவாசியும் விஷக்காய்ச்சலும் வாட்டிய நேரத்தில், 1919 மார்ச்சில், விசாரணையின்றிச் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் சட்டம் வந்தது. இரண்டாம் போருக்குப் பின்னும் அப்படியே: 1946 பிப்ரவரி 18-ல் பம்பாய் ‘தல்வார்’ கடற்படைத் தளத்து மாலுமிகள் மோசமான சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள். சில நாளில் சுமார் 20,000 பேர் சேர்ந்துவிட்டார்கள்.